தட்டுச் சத்தத்துக்கு வரும் குரங்குகள்

கமலாவுக்குக் குரங்கு என்றாலே ஆகாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பி விட்டவளே கமலாதான். உண்மை என்னவென்றால், அந்தக் குரங்குகளுக்குச் சோறு போட்டுப் பழக்கியவளும் அவள்தான்.

புருஷன் தனசேகரனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போ, முடியாவிட்டால் குரங்குக்காவது ஒரு கவளம் தயிர்ச்சோறு வை என்று கள்ளக்குறிச்சி ஜோசியர் சொல்லியிருந்தார். கோயில் ஊருக்கு மறுகோடியில் இருந்தது. குரங்குகளோ தோட்டத்துப் புளியமரத்துக்கே வந்து போய்க்கொண்டிருந்தன. எது சுலபம்? கமலா கிணற்றடியில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தயங்கித் தயங்கி வந்தன. கொஞ்ச நாளில் தட்டுச் சத்தம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து கை நீட்டியது. காது கிழிந்த பெட்டைக் குரங்கு ஒன்று மட்டும் கீழே இறங்கி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து வாங்கித் தின்னும். அதற்கு மூளி என்று பேர் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று ஜோசியர் குரங்குகளிடம் சொல்லவில்லை. அவை எல்லாக் கிழமையும் வந்தன. தனசேகரனின் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்து வழியாக இறங்கின, அடுப்படிக்குப் போயின, உப்பு ஜாடியைக் கவிழ்த்தன, குழாயைத் திருகித் தண்ணீர் குடித்தன, மூட மறந்தன. கதவைச் சாத்தினால் கூரைமேல் ஏறி ஓட்டை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தன. எடுத்த ஓட்டைத் திரும்ப வைக்கிற மரியாதை குரங்குக்கு ஏது? தெருவில் குரங்கு கை வைக்காத ஓட்டு வீடு ஒன்றுகூட மிச்சமில்லை. கறிக்கடை வந்ததால்தான் குரங்கு வந்தது என்றார்கள் சிலர். மாந்தோப்பை வெட்டியதால் என்றார்கள் சிலர். எல்லாருக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, “சனியன்ங்க, கண்டாலே எனக்கு ஆவறதில்ல” என்று சேர்த்துச் சொன்னாள் கமலா.

வெடி போடலாம் என்றான் ஒருவன். பழத்தில் மருந்து வைக்கலாம் என்றான் இன்னொருவன். தனசேகரன் துள்ளி எழுந்தான். “ஆஞ்சநேயர் வம்சத்துக்கா வெசம் வெக்கிற? ஒரு உசுருக்கும் சேதாரம் இல்லாம நான் வெளியேத்திக் காட்டறேன் பாரு” என்றான். சொன்னபடியே செய்யவும் செய்தான். அதைக் குறை சொல்ல முடியாது. குரங்கு பிடிக்கிற சடையன் என்பவனைத் தேடிப் பிடித்துக் கூண்டுகளோடு வரவழைத்தான். தாயையும் குட்டியையும் பிரிக்கக் கூடாது என்றான். கூண்டுக்குமேல் ஈரச் சாக்குப் போட்டு வெயில் படாமல் பார்த்துக்கொண்டான். புளியமரத்தின் கூரைப்பக்கக் கிளைகளை வெட்டினான், முற்றத்துக்குக் கம்பி வலை அடித்தான், ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்துகளையெல்லாம் அடைத்தான்.

ஒரே ஒரு சிக்கல். குரங்குகள் கூண்டுக்குள் போக மறுத்தன. சடையன் வைத்த மல்லாட்டைக் கடலையை வெளியிலிருந்தே கையை விட்டு எடுத்துத் தின்றன. நாலைந்து நாள் இப்படியே போகவும், சடையன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கமலா தட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் பின்னால் போய் நின்று தட்டினாள். தயிர்ச்சோற்றை உள்ளே வைத்திருந்தாள். முதலில் போனது மூளிதான். அவளைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டே உள்ளே போனது. மற்றவை பின்னாலேயே போயின. சடையன் வந்து பார்த்துவிட்டு, தான் வைத்த மல்லாட்டையின் ராசியைப் புகழ்ந்துகொண்டான். கமலா தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கம்பிக்கு வெளியே நீண்டிருந்த மூளியின் கையைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மினி லாரியில் ஏற்றி, வெள்ளிமலை போகிற மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் நிறுத்தி, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிக் கூண்டைத் திறந்துவிட்டான் தனசேகரன். மூங்கிலும் பலாவும் ஓடையுமாக நல்ல காடு என்றான். திரும்பி வந்ததும் தெருக்காரர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். அது நடந்தது மாசி மாதம். பங்குனி வெயிலில் கமலா பல வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாக வடகம் காயவைத்தாள்.

வைகாசியில் ஒருநாள் குஞ்சம்மாள் வந்தாள்.

குஞ்சம்மாள் மலைமேல் இருப்பவள். வருஷா வருஷம் கரும்பு வெட்டுக்குப் புருஷன் ராசுவோடு கீழே இறங்கி வந்து, தனசேகரன் கொல்லையில் குடிசை போட்டுத் தங்கி வெட்டுவாள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். கமலாவும் கூலிக்கு வந்தவளாக மட்டும் அவளை நினைத்ததில்லை. ஓடு உடைந்த கதையையெல்லாம் அவளிடம்தான் சொல்லி அழுதிருக்கிறாள். அப்படிப்பட்டவள் வெட்டு இல்லாத நாளில் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்து நிற்கவும் கமலாவுக்கு ஆச்சரியம்.

“இன்னா குஞ்சு, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?”

“ஐயாவப் பாக்க வந்தேங்க்கா. கொரங்க ஒன்னும் பண்ணாம நல்லபடியா வெளியேத்துனாராமே. பஸ்ஸுல பேசிக்கினாங்க. எங்களுக்கும் அந்த வழியச் சொன்னா நல்லா இருக்கும்.”

“உங்க மலையில இல்லாத கொரங்கா?”

“அது எப்பவும் இருக்குது. மனுசனக் கண்டா ஓடிப்போயிடும். இதுங்க வேற மாதிரிக்கா. மாசியிலேர்ந்து ஒரு கூட்டம் வந்துகினு இருக்குது. கூரையப் பிரிச்சி உள்ள எறங்குது. பானையத் தெறக்குது. பொதுக்கொழாயத் திருகி வுடுது, நீ நம்ப மாட்ட.” குஞ்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “இன்னொன்னு சொன்னா சிரிப்ப. காலங்காலமா நாங்க தட்டையோ டின்னையோ தட்டித்தான் தொரத்துவோம். இதுங்க தட்டத் தட்டுனா ஓடியாருதுக்கா. வந்து வரிசையா ஒக்காந்து கைய நீட்டுது.”

அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காய் கமலாவின் கையில் அப்படியே நின்றது.

“அதுல காது கிழிஞ்சது ஒன்னு, என் சேலையப் புடிச்சி இழுக்குது” என்றாள் குஞ்சம்மாள்.

சொல்ல வேண்டியது அப்போதுதான். கமலாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறக்கவும் செய்தாள். வந்தது வேறு. “சாப்புடறியா?” என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டே குஞ்சம்மாள் மீதியையும் சொன்னாள். ரோட்டை ஒட்டிய முதல் வீடு அவளுடையது. குரங்குகள் முதலில் இறங்கியது அங்கேதான், முதலில் தட்டைத் தட்டியதும் அவள்தான். தட்டுக்குப் பயப்படாமல் ஓடி வருகிற குரங்கை ஊரில் யாரும் கண்டதில்லை. அப்படியானால் அது சாமி அனுப்பியது. ஏன் அனுப்பியது? தை மாதம் மலைச்சாமி கும்பிட்டபோது ஊரே கூடியிருக்க, குஞ்சம்மாளும் ராசுவும் மட்டும் இல்லை. அடுத்த மாதமே குரங்கு வந்துவிட்டது. இதற்குமேல் என்ன வேண்டும்?

“எம்பொண்ணு பச்சையம்மாள, ஓடைக்கு அந்தாண்ட இருசப்பன் வூட்டுல பேசி முடிச்சிருந்தோம் இல்ல? சாமி குத்தம் இருக்கற வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு நிக்கறாங்க. அவ எம்மூஞ்சயே பாக்கறதில்ல. ‘நீ ஏம்மா தையில வரல’ன்னு ஒரே கேள்வி.” குஞ்சம்மாள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். “கொரங்கு போயிடுச்சின்னா பேச்சும் போயிடும்க்கா. ஐயாதான் மனசு வெக்கணும்.”

தையில் அவள் ஏன் போகவில்லை? கரும்பை ஆலைக்கு அனுப்புகிற முறை வந்துவிட்டது, வெட்டு முடியட்டும், சாமி எங்கே போய்விடும் என்று தடுத்து நிறுத்தியது கமலா. அதைக் குஞ்சம்மாள் இன்றைக்குச் சொல்லிக்காட்டவில்லை. ஒருவேளை மறந்திருக்கலாம். கமலாவுக்கு மறக்கவில்லை. இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டாள், வேண்டாம் வேண்டாம் என்றவளுக்கு மோரும் ஊற்றினாள், போகும்போது பீரோவிலிருந்து கட்டாத சேலை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவு நல்லவள்! சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குஞ்சம்மாள் பஸ்ஸுக்குப் போனாள். கமலா பலாப்பழத்தைத் தொடவில்லை. அதன் வாசனையே அவளை வீட்டுக்குள் இருக்கவிடவில்லை; தன்மீதே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் தனசேகரனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், தட்டுச் சங்கதி உள்பட. தனசேகரன் முகம் கறுத்துவிட்டது.

“சோறு வெச்சிப் பழக்குனது நீயா?”

“உங்க சனிக்குத்தான்.”

“நான் காட்டுலதான் வுட்டேன். ஊருக்குள்ள வுடல.”

“அந்தக் காட்டுல ஆளுங்க இருக்காங்களே. அத யாரு பாத்தா?”

அவன் எழுந்து முற்றத்து வலையை அண்ணாந்து பார்த்தான். பிறகு சொன்னான்: “இப்ப இன்னா, வழிதானே கேட்டாங்க? நானே போய்ச் சொல்லிக் குடுக்கறேன். ஒரு சுருள் கம்பிவலையும் வாங்கிக்கினு போறேன். அதுங்க எங்கேர்ந்து வந்துச்சின்னு நீ வாயத் தொறக்காத. பொன்னாடை போட்டவன் எல்லாம் காறித் துப்புவான்.”

கமலாவுக்கு அது நியாயமாகப் பட்டதுதான் பெரிய வெட்கம். வலையும் கிடைக்கும், வழியும் தெரியும், குரங்கும் போகும்; நம் பேரும் கெடாது. “நானும் வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்துப் போனார்கள். குஞ்சம்மாள் வீட்டுக் கூரை ஒருபக்கம் பிரிந்து மூங்கில் தெரிந்தது. கீழேயிருந்து பெரிய மனிதர் வருகிறார் என்று ஊரே கூடியிருந்தது. ஊர்க்கவுண்டர் சுப்புராயன் வந்திருந்தார். பச்சையம்மாளுக்கு மாமனாராக வேண்டிய இருசப்பனும் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராசு பாயை உதறிப் போட்டான்.

தனசேகரன் பேச ஆரம்பித்தான். தின்கிற பொருளை வெளியே வைக்கக் கூடாது. பானைக்குக் கல் பாரம் போதாது, கட்டி வைக்க வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வலை அடிக்க வேண்டும். கூரைக்கு மேலே வருகிற கிளையை வெட்ட வேண்டும். அடிக்கவோ கல்லெறியவோ கூடாது. சோறு கிடைக்காது என்று தெரிந்தால் தானாகப் போய்விடும். கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்பறம், தட்ட மட்டும் தட்டாதீங்க” என்றான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று தலையசைத்தார்கள். கமலா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சரியான பேச்சுத்தான், ஒரு வார்த்தை தப்பில்லை. அதைச் சொல்லும் யோக்கியதைதான் இல்லை.

அந்த நேரம் பலாமரம் அசைந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கூரைமேல் இறங்கின. “வந்துடுச்சி, வந்துடுச்சி” என்று பிள்ளைகள் கத்தினார்கள். மூளி மட்டும் கூரையிலிருந்து தரைக்குக் குதித்தது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. யாரையும் சட்டை செய்யாமல் நேரே கமலாவிடம் வந்து, முந்தானையைப் பிடித்து இழுத்து, கையை நீட்டியது.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பிறகு ஒரு கிழவி கைகூப்பினாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் கூப்பினார்கள்.

“பாத்துக்கினியா?” என்றார் சுப்புராயன், பயபக்தியோடு. “புண்ணியவதிகிட்ட எப்டி அடங்கி நிக்குது. கொறை இருக்கற வூட்டத்தான் பிரிக்குது. சாமிக்குத் தெரியும்.”

இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? சம்பந்தம் இல்லன்னு வெச்சிக்க, ராசு.”

வீட்டு வாசலில் நின்றிருந்த பச்சையம்மாள் உள்ளே போய்விட்டாள். குஞ்சம்மாளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவள் செய்த காரியத்தைக் கமலா சாகும்வரை மறக்கமாட்டாள். ஓடிவந்து கமலாவின் காலில் விழ முழங்காலிட்டாள். “அக்கா, நீ ஒரு வார்த்த சொல்லுக்கா. சாமிகிட்ட எனக்காகக் கேளு. எங்கொறை தீரட்டும்.”

கமலா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மூளி முந்தானையை விடவில்லை.

“தொடாத குஞ்சு, வேணாம். ஐயோ, என் கால்ல விழாத.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இது எங்கூட்டுக் கொரங்கு. நாங்கதான் கொண்டாந்து வுட்டோம்.”

“கமலா!” என்றான் தனசேகரன்.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்கத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். ஜோசியர், சனிக்கிழமை, தயிர்ச்சோறு, தட்டுச் சத்தம், கூண்டு, மினி லாரி எல்லாம் முன்பின்னாகக் கலந்து வந்தது. “சாமி அனுப்பல. தட்டுக்கு வரச் சொல்லிக் குடுத்தது நான். அந்தத் தட்ட வெச்சே கூண்டுக்குள்ள போகவும் வெச்சேன். தையில உன்னப் போகாதன்னு நிறுத்துனதும் நாந்தான். அன்னைக்கி நீ வந்து சொன்னப்பவே எனக்குத் தெரியும், குஞ்சு. தெரிஞ்சிதான் சேலை குடுத்தேன்.”

அப்புறம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். திட்டிவிட்டால் பாரம் இறங்கும். காறித் துப்பினாலும் தேவலை. யாரும் திட்டவில்லை.

இருசப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். தனசேகரனைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப எப்பங்க திருப்பி ஏத்திக்கினு போவீங்க?”

எங்கே ஏற்றிக்கொண்டு போவது? எங்கே கொண்டுபோய் விட்டாலும் அங்கேயும் ஒரு குஞ்சம்மாள் இருப்பாள். தனசேகரன் கம்பிவலைச் சுருளைப் பாயின் ஓரத்தில் வைத்தான். வைத்ததை மறுபடி நகர்த்தி வைத்தான். பிறகு ஜீப்பை நோக்கி நடந்தான். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு எவ்வளவு நிமிர்ந்து நடந்த மனுஷன், இன்றைக்கு அந்த முதுகைப் பார்க்கக் கமலாவுக்கே பாவமாக இருந்தது. கூடவே போய்விட வேண்டும் என்று காலும் துடித்தது.

குஞ்சம்மாள் எழுந்து நின்று முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அவள் கமலாவைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் கடைசியில், வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவர்களைப் பார்த்தாள்.

“அக்கா” என்றாள். “இன்னொரு தபா சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல.”

முதல் தடவை அழுகை அவளைச் சொல்ல வைத்துவிட்டது. இந்தத் தடவை அழுகையும் இல்லை, வேகமும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஜோசியர் என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். கூண்டு என்ற இடத்தை மூளியைப் பார்க்காமல் சொன்னாள். வேலிக்கு அந்தப்பக்கத்தில் ஒருவர், “அப்ப சாமி குத்தம் இல்லீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றாள் கமலா. “எங்க குத்தம்.”

சுப்புராயன் மெல்லத் தலையைச் சொறிந்தார். இருசப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். “நான் நம்பறேன்ம்மா. வூட்டுல எம்பொண்டாட்டி ரங்கம்மா நம்பணும். வேணாம்னு நிக்கறவ அவதான். நான் போய்ச் சொன்னா, பொண்ணு வூட்டுக்காரனுக்குப் பரிஞ்சி பேசறேன்னு சொல்லுவா.”

ஜீப்பில் ஹாரன் சத்தம் கேட்டது. குஞ்சம்மாள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கமலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதில் கோபம் இருந்ததா என்று கமலாவால் சொல்ல முடியவில்லை. வேலை முடியாத ஒருத்தியின் பிடி அது. “ஓடையத் தாண்டுனா அந்தாண்ட வூடுதான். வாங்க.”

போனார்கள். ஓடையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கமலா நடந்தாள். பின்னால் குரங்குகள் வந்தன, சோறு உண்டு என்ற நம்பிக்கையில். துரத்த அவளுக்கு வாய் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் குரங்குகளுக்குப் பின்னால் வந்தார்கள்.

ரங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களை நிமிர்ந்து பார்த்தாள், குரங்குகளைப் பார்த்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

“இவங்க சொல்றத ஒரு தபா கேளு” என்று சொல்லிவிட்டுக் குஞ்சம்மாள் கையை விட்டு ஒதுங்கி நின்றாள்.

முறத்தின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்திக்கொண்டு, கமலா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.